கிரீஸ் வைக்காத ஐயம்பெருமாள்

அம்பாசமுத்திரத்து ஐயம்பெருமாளை மெக்கானிக் என்று சொல்ல எனக்கு நாக்கூசும். பம்புசெட் ஆனாலும் படகு மோட்டார் ஆனாலும் தும்பைப்பூ வேட்டியோடுதான் வருவார். மோட்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் என் கடை வடையைப் பார்ப்பார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே காரணம்தான்: ஓட்டுகிறவன் சரியில்லை.

தொண்ணூற்று நாலில், பாபநாசத்துக்கு மேலே அணையின் படகுத்துறையில் டீக்கடை போட்டிருந்தேன். சாரல் சீசனில் அருவி பார்க்க வருகிறவர்களை அக்கரைக்குக் கொண்டுபோக, குமரகுருபரன் அண்ணாச்சி ஒரு படகைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பின்னால் மாட்டியிருந்த மோட்டார் ரொம்பப் பழசு. செல்வமணிதான் ஓட்டினான்.

ஒருநாள் நடு அணையில் மோட்டார் வீறிட்டது, படகு நகரவில்லை. செல்வமணி துடுப்புப் போட்டே ஆட்களைக் கரை சேர்த்தான். ஐயம்பெருமாள் வந்து, எட்ட நின்றபடியே ஓட்டிக் காட்டச் சொன்னார். இவன் பாறையில் இடித்ததில் புரொப்பல்லருக்குள் இருந்து அதைத் தண்டோடு பிடித்துவைக்கிற ரப்பர் புஷ் பிய்ந்துவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

செல்வமணி கெஞ்சினான். மோட்டாரைக் குளிரவைக்கிற தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சும். படகு நின்றபோது அதுவும் நின்றுவிட்டது. தண்ணீர் இறைப்பதும் புரொப்பல்லரைச் சுற்றுவதும் ஒரே தண்டு. புஷ் போனால் தண்ணீர் ஏன் நிற்க வேண்டும், மோட்டாரோடு கோக்கிற தண்டின் தலையில் இருக்கிற பல்லைப் பாருங்கள் என்றான். ஐயம்பெருமாள் சிரித்தார். அண்ணாச்சி யோசிக்கிற சிரமத்தை எடுத்துக்கொள்கிற ஆளே அல்ல. அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். படகை இடித்தவன் என்று பேர் வாங்கியவனுக்கு வேறு யார் படகு கொடுப்பார்கள்?

புது புரொப்பல்லர் வந்தது. மாட்டுகிற அன்று, அண்ணாச்சியைச் சாப்பிட்டுவிட்டு வரும்படி ஐயம்பெருமாள் திரும்பத் திரும்ப விரட்டினார். அவரோ தூக்குச்சட்டியை அங்கேயே திறந்து உட்கார்ந்துவிட்டார். மாட்டி ஓட்டினால் அதே வீறிடல், படகு அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஐயம்பெருமாள் மோட்டாரின் அடிப்பாகத்தைக் கழற்றித் தண்டை வெளியே எடுத்தார். பல்லெல்லாம் மழுங்கி வழவழவென்றிருந்தது. துரு செந்தூளாகக் கொட்டியது. கிரீஸ் பொட்டுக்கூட இல்லை. போன வருடம் அதைக் கழற்றி மாட்டியவர் வேறு யாருமில்லை, இவர்தான்.

இந்தப் பழைய மோட்டாருக்குத் தண்டு எங்கே கிடைக்கும், சீசன் போயிற்றே என்று அண்ணாச்சி தலையில் கைவைத்தார். டீ கிளாஸ் வைக்க இடம் பண்ணலாமென்று ஐயம்பெருமாளின் சாக்குப் பொதியை நகர்த்தினேன். நீளமாக, கனமாக இருந்தது. பிரித்தேன். உள்ளே புத்தம்புதுத் தண்டு.

"எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கிட்டு வந்தேன் அண்ணாச்சி," என்றார்.

முதல் நாளே தெரிந்திருக்கிறது அந்த மனிதருக்கு. அண்ணாச்சி சோற்றுக்குப் போகிற நேரத்தில் தண்டை மாற்றிவிட்டு, புரொப்பல்லர்தான் கோளாறு என்று காட்ட வந்திருக்கிறார். தன் பேரைக் காப்பாற்ற ஒருத்தன் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவர். எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

அண்ணாச்சி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்டை மாட்டச் சொன்னார், அவ்வளவுதான். செல்வமணியைத் தேடியும் போகவில்லை. மறுநாள் என் கடைக்கு வந்தவனிடம், தண்டுதான் தேய்ந்திருந்தது, நாளையிலிருந்து வந்துவிடு என்று போகிறபோக்கில் சொன்னார்.

செல்வமணி டீயைக் குடித்து முடித்தான்.

"நான் இடிக்கலன்னு சொன்னப்ப நம்பல. தண்டு சொன்னதும் நம்புதீய. அந்தத் தண்டையே படகை ஓட்டச் சொல்லுங்க அண்ணாச்சி."