நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஆறு வருஷத்தில் ஆய்வகத்தில் அவளுக்குக் 'குளவி அக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பூச்சிகளை இனம்பிரித்துப் பெயரிடும் படிப்பு. படிப்பு என்றால், முதுகு கூனி உட்கார்ந்து நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டு, ஒரு பூச்சியின் மீசையில் எத்தனை கணு என்று எண்ணுவது. "இதுக்கு எதுக்கு ஆறு வருஷம்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவளுக்கும் பதில் தெரியாது என்பதுதான் நிஜம்.

அவள் எடுத்துக்கொண்டது குளவிகளில் ஒரு விசித்திரக் குடும்பம். ஆணுக்கு இறக்கை உண்டு. கறுத்து ஒல்லியாக இருக்கும். பெண்ணுக்கு இறக்கை கிடையாது. உடம்பெல்லாம் சிவப்பு மயிரோடு தரையில் ஓடித் திரியும். பார்த்தால் எறும்பு என்றே சத்தியம் செய்யலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஜோடி என்று யாரும் நம்பமாட்டார்கள். அதனால் ஆண்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல், பெண்களுக்கு இன்னொன்று என்று துறையே நூறு வருஷமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது பிடித்தால்தான் யாருக்கு யார் என்று தெரியும். அந்தக் கொடுப்பினை லேசில் வாய்க்காது.

எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பெண் அவளிடம் இருந்தது. எண் நாற்பத்திரண்டு, முதுகில் இரண்டு வெள்ளைப் பொட்டு. புது இனம் என்று கட்டுரை எழுதி, அதற்குத் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தாள். பத்திரிகையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதை நம்பித்தான் நின்றது.

அம்மா முப்பது வருஷமாகத் துணி தைக்கிறாள். தெருவுக்கு அவள் 'டிரைவர் சம்சாரம்'. கடைப் பலகையில்கூட அப்பாவின் பெயர்தான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனுஷர். பூச்சி விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து, அளவு கொடுக்க வருகிறவர்களைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லிவிட்டு, "என் பேர்ல ஒரு உயிர் வரப்போகுது, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். டேப்புக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கேட்டுத்தான் தீரவேண்டும்.

அச்சுக்குப் போகும் முன் பிடித்த தேதியைச் சரிபார்க்க, மகள் தன் முதல் வருஷத்துக் களக் குறிப்பேட்டைத் திறந்தாள். சேர்ந்த மூன்றாவது வாரம் எழுதியது: 'குளவி ஒன்று எறும்பைத் தூக்கிக்கொண்டு பறந்தது. இரை. இரண்டையும் பிடித்தேன். குளவி 41, எறும்பு 42.'

"அடிப்பாவி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அது வேட்டை அல்ல. இந்தக் குடும்பத்தில் ஆண் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பறந்துதான் கூடும். இன்றைக்கு அவளுக்கு அது தலைகீழ்ப் பாடம். அன்றைக்கு ஜோடியைப் பிரித்து, ஆணைக் குளவி அலமாரியிலும் பெண்ணை எறும்புப் பெட்டியிலும் போட்டவள் அவளேதான். இரண்டு வருஷம் கழித்து, எறும்பு பார்க்கிற தோழி "இது உங்க ஆளு" என்று நாற்பத்திரண்டைத் திருப்பித் தந்தபோது குறிப்பேட்டைப் புரட்ட யாருக்கும் தோன்றவில்லை.

நாற்பத்தொன்றை எடுத்துச் சீட்டைப் பார்த்தாள். அந்த ஆணுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. தொண்ணூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு வனத்துறை அதிகாரியின் நினைவாக வைத்தது. இனம் ஒன்று என்றால் பெயரும் ஒன்றுதான், முந்தியது எதுவோ அது.

வழிகாட்டிப் பேராசிரியர் குறிப்பேட்டை இரண்டு தரம் படித்தார். "இதை வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"இரைன்னுதானே எழுதியிருக்க? இருந்துட்டுப் போகட்டுமே. ஏத்துக்கிட்ட பேப்பரும்மா இது."

அவர் கெட்டவர் அல்ல, ஓய்வுபெற மூன்று மாதம் இருப்பவர். அவள் இரண்டு நாள் குறிப்பேட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பெரிய கொள்கையெல்லாம் இல்லை. அம்மாவின் பெயரை ஒரு தப்பின் மேல் ஒட்டிவைத்தால், பின்னால் எவனாவது வந்து அடித்துவிட்டுப் போவான். அதைப் பார்க்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அத்தியாயம் நான்கு பக்கமாகச் சுருங்கியது. படிப்பு இன்னும் ஆறு மாதம் நீண்டது.

விஷயத்தைச் சொன்னபோது அம்மா ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து முடித்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்போ அங்கேயும் புருஷன் பேருதானா?"

"ஆமாம்மா."

"இறக்கையும் கிடையாதுன்னு சொன்ன."

"கிடையாது."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கொட்டுமா?" என்று கேட்டாள் அம்மா.

"அவதான் கொட்டுவா. கொட்டினா உயிர் போற வலி. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, சும்மா பாவ்லா காட்டும்."

அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அதை எழுதியிருக்கியா?"

"ஒரு வரி இருக்கு."

"ஒரு வரி எப்படிப் பத்தும்? நல்லா விவரமா எழுதுடி" என்று சொல்லிவிட்டு அடுத்த பொத்தானைக் கையில் எடுத்தாள்.