நாலாவது மூச்சு

என் அண்ணி மெதுவாகப் பேசி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். ரகசியம் சொல்கிறேன் என்று அவர் காதருகே வந்தால், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். இதில் அவர்மேல் தப்பு ஒன்றும் இல்லை. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அவர். லாரிகள் பின்வாங்கும் இரைச்சல், "வழி, வழி" என்று கத்திக்கொண்டு ஓடும் மூட்டைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்களின் சண்டை, இத்தனையையும் தாண்டிக் கடைசி வரிசையில் நிற்கும் வியாபாரியின் காதில் விலை விழ வேண்டும். பூப்போலப் பேசிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு கத்தரிக்காயைக்கூட விற்க முடியாது.

கடை அவருடைய அப்பாவுடையது. தொண்டையில் வந்த நோயால் அப்பாவுக்குக் குரல் போனபோது, கடையைக் கைமாற்றிவிடச் சித்தப்பாக்கள் துடியாய்த் துடித்தார்கள். அண்ணிக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஒருநாள் விடியற்காலையில் நேரே சந்தைக்குப் போய், காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, தக்காளியை ஏலம் விட ஆரம்பித்துவிட்டார். "பொம்பளை ஏலம் விட்டா எவன் வாங்குவான்?" என்று ஒரு வியாபாரி சிரித்தாராம். "வாங்காதவன் வெறும் கூடையோட வீட்டுக்குப் போவான்" என்றாராம் அண்ணி. அன்று சிரித்தவர் இன்றைக்கும் அவரிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று முடிக்கும்போது வலது உள்ளங்கையால் பக்கத்துப் பெட்டியில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். அந்த அடி விழுந்தால் சரக்கு கைமாறிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் பேச்சே கிடையாது. சந்தையில் அவருக்குப் பேரே 'மூணு தரம்' தான். வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள்கூட "மூணு தரம் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

இப்படிப்பட்டவரைத் தியான வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போன பெருமை என்னையே சேரும்.

என் கணவர் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு போனபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். எனக்குத் தூக்கம் என்பதே இல்லாமல் போனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் வாடிக்கையாளரை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு நின்றபடியே தூங்கி விழுந்தேன். முதலாளி திட்டவில்லை. பௌத்தர்கள் நடத்தும் தியான வகுப்பு ஒன்று இருக்கிறது, போய்ப் பார் என்றார். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது. "உங்க அண்ணியத் துணைக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொன்னது என் அண்ணன்தான். பிற்பாடு அதை நினைத்து அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு நீளக் கூடம். வாசலில் செருப்பு அடுக்கும் பலகை. உள்ளே நீலப் பாய்கள், உருண்டைத் திண்டுகள், மூலையில் முழங்கை உயரத்துக்கு ஒரு புத்தர். சொல்லிக்கொடுத்தவர் ஒரு பிக்குணி. மொட்டைத் தலை, மண்நிற ஆடை, வயதில் என்னைவிடச் சின்னவர். தீராத ஜலதோஷம் அவருக்கு. புத்தர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்காரும் துறவியை அன்றுதான் பார்த்தேன். ஆனால் கூடத்தின் சாவி, சட்டதிட்டம், வரவேற்பு எல்லாம் ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளரின் கையில் இருந்தன. கடன் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பது போலவே அவர் எங்களையும் பார்த்தார்.

அங்கே ஒரு வழக்கம். புதிதாக வந்தவர்கள் கண்ணை மூடுவதற்கு முன் வட்டமாக உட்கார்ந்து, தான் யார், என்ன துக்கம் இங்கே கொண்டுவந்தது, என்ன வழிகாட்டுதல் வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பல் டாக்டரம்மா ஒருவர், கோபம் வந்தால் வீட்டில் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவதாகச் சொன்னார். கணினி வேலை பார்க்கும் ஒருவர், கண்ணை மூடினாலும் இமைக்குள் திரை ஓடிக்கொண்டே இருக்கிறது என்றார். நான் மூக்கைச் சிந்திச் சிந்தி என் கதையைச் சொன்னேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். மறைப்பானேன், எனக்கு அது இதமாகத்தான் இருந்தது.

அண்ணியின் முறை வந்தது.

"சந்தையில ஏலம் விடுறேன். இவளுக்குத் துணையா வந்தேன். எனக்குத் துக்கம் ஒண்ணும் இல்லை."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேலாளர் காதைத் தடவிக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவா பேசலாமே. துக்கம் இல்லாத மனுஷங்க உண்டா? உள்ள ஆழமா பாருங்கம்மா."

"பார்த்துட்டேன் சார். இல்ல."

"இல்லன்னு மறைக்கிறதே ஒரு துக்கம்தான்."

"இதென்ன சார் வம்பா இருக்கு! இல்லாததுக்கு நான் எங்க போவேன்? வேணும்னா அடுத்த வாரம் யார்கிட்டயாவது கடனா வாங்கிட்டு வரட்டுமா?"

பிக்குணி தும்மினார். சிரிப்பை மறைக்கத்தான் தும்மினார் என்பது என் கட்சி.

பிறகு எப்படி உட்கார வேண்டும் என்று அவர் சொல்லித் தந்தார். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை எண்ண வேண்டும். முடிந்தால் மறுபடி ஒன்று. நடுவில் மனசு எங்கேயாவது ஓடிவிட்டால் அதோடு மல்லுக்கு நிற்காமல் ஒன்றுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். மணி அடித்தது. எல்லோரும் கண்ணை மூடினோம். கூடம் அப்படியே அடங்கியது.

பளார்!

பல் டாக்டரம்மா "ஐயோ" என்று அலறிவிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தால் அண்ணியின் உள்ளங்கை தரையில் இருந்தது. யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பது போல அவரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மூச்சு போனதும் கை தானாக எழுந்து சரக்கை முடித்துவிட்டது! "கைப் பழக்கம், மன்னிச்சுக்குங்க" என்றார். மறுபடி கண்ணை மூடினோம். மறுபடி பளார். மணி அடித்து முடிகிற வரை அந்தக் கூடத்தில் எத்தனை சரக்கு விலை போனது என்று நான் எண்ணவில்லை. எனக்கு மானம் போனது, அது மட்டும் தெரியும்.

இனி அண்ணி வரமாட்டார், பிழைத்தேன் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வருவதற்குள் அவர் தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார்! அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான் சோம்பினால்கூட இழுத்துக்கொண்டு போனார். எனக்குத் துணையாக வந்தவருக்கு இப்போது நான் துணை. ஒவ்வொரு வாரமும் ஒன்று, இரண்டு, மூன்று, பளார். நாலாவது மூச்சை அவர் கண்ணால் கண்டதில்லை.

விஷயம் சந்தைக்கு எட்டியது. "அக்கா, கண்ணை மூடிக்கிட்டு ஏலம் விடுங்க, நாங்களே விலை போட்டுக்கிறோம்" என்று கிண்டல் செய்தார்கள். "என் கண்ணு மூடியிருந்தாலும் உன் தராசு எனக்குத் தெரியும்டா" என்று வாயை அடைத்தார். அண்ணனுக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. போன வருஷம் நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவர் வீட்டோடு இருக்கிறார். மாடி ஏறவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "இப்படியே போனா நீயும் மொட்டை அடிச்சுக்கிட்டுக் கிளம்பிடுவ. எனக்கு யாருடி சோறு போடுவா?" என்றார். "அடுப்பு எங்க இருக்குன்னு தெரியும்ல, போட்டுக்கங்க" என்றார் அண்ணி. அண்ணன் உர்ரென்று ஸ்கூட்டரில் எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மெத்தைக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அந்தக் கூடத்துப் படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம் வேறு.

நானும் சொல்லிப் பார்த்தேன். "அண்ணி, கைக்கு அடியில துண்டு போட்டுக்கங்க. இல்லன்னா கை மேலயே உட்கார்ந்துக்கங்க."

"கையைக் கட்டிப் போட்டுட்டு மனசை அவுத்து விடச் சொல்றியா? போடி."

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. துக்கமும் இல்லை என்கிறார், பலனும் இல்லை. யாருக்காக இந்தப் பாடு?

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மாலை நாங்கள் போனபோது வட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது. மேலாளர் அண்ணியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "சில பேர் சங்கடத்தை எங்கிட்ட சொல்லியிருக்காங்க. இது அமைதிக்கான இடம். உங்க மேல யாருக்கும் கோபம் இல்லம்மா. ஆனா உங்களுக்கு இது ஒத்து வரல. கை தட்டிப் பாடுற இடமா பார்த்துப் போனீங்கன்னா உங்களுக்கும் நல்லது. இன்னையோட முடிச்சுக்கலாம்."

டாக்டரம்மா பாயின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிக்குணி நிமிர்ந்தார். "நான் அவங்களைப் போகச் சொல்லலியே" என்றார்.

"நீங்க சொன்னாலும் போக மாட்டேன்மா" என்றார் அண்ணி. பிக்குணி தலையை ஆட்டி, "சரி" என்றார்.

அண்ணி எழுந்து நின்றார். சந்தையில் பெட்டிமேல் ஏறும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"சார், இடம் உங்களுது. மூச்சு என்னுது. உள்ள விடலன்னா வெளிய செருப்புக்கு நடுவுல உட்கார்ந்து எண்ணுவேன். அதுக்கும் பூட்டு போட்டா தெருவுல எண்ணுவேன். அன்னைக்குத் துக்கம் என்னன்னு கேட்டீங்கல்ல? இருக்கு. அது துக்கமா அசிங்கமான்னு தெரியாமத்தான் சொல்லல. இப்ப சொல்றேன், கேளுங்க.

"ஒரு காலிஃபிளவரைப் பார்த்தா எனக்கு விலை தோணும். அது தொழில். ஆனா அதோட நிக்க மாட்டேங்குது. நாற்காலியைப் பார்த்தா விலை. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்தா விலை. உங்களைப் பார்த்தப்பவும் தோணுச்சு, சொன்னா வருத்தப்படுவீங்க. போன வருஷம் என் வீட்டுக்காரரை நெஞ்சை அறுத்துத் தைச்சு தள்ளுவண்டியில கொண்டுவந்தாங்க. மூஞ்சி வாடி, உதடு வெளுத்துப் போய்க் கிடக்கார். கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ஒரு சொல்லு சொல்லாத மனுஷன். அவரைப் பார்த்ததும் என் மனசு சொல்லுது, 'நேத்துச் சரக்கு, பாதி விலைக்குத் தள்ளிவிடு'ன்னு. நான் அழல சார். விலை போட்டேன். அந்த மனுஷனை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விலை இல்லாம பார்க்கணும். அதுக்குத்தான் வர்றேன். இங்க உட்கார்றப்ப ரெண்டு மூச்சுக்கு அந்தச் சத்தம் இல்ல. மூணாவதுல வந்துடுது. ரெண்டு மூச்சு கிடைச்ச இடத்தை விட்டுட்டு நான் ஏன் போகணும்? முடியாது!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரே வீட்டில் இருக்கிறேன், இத்தனை நாளாக இது எனக்குத் தெரியாது.

அப்போது கதவு திறந்தது. அண்ணன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகமெல்லாம் வேர்வை.

"எவன்... எவன் சார் என் பொண்டாட்டியப் போகச் சொன்னது?"

எல்லோரும் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நான் அண்ணியைத்தான் பார்த்தேன். வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"எதுலேர்ந்து கேட்டீங்க?"

"காலிஃபிளவர்லேர்ந்து" என்றார் அண்ணன். "தெருவே கேட்குதுடி." இரைக்க இரைக்க உள்ளே வந்தார். "பாதி விலையாம், பாதி விலை! ஓசியில குடுத்தாலும் எவன் எடுப்பான் என்னை?"

டாக்டரம்மா முதலில் சிரித்தார். அப்புறம் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி சிரிக்கவில்லை. "யாரு உங்களை மாடி ஏறச் சொன்னது? உட்காருங்க முதல்ல. மூச்சு வாங்குது" என்று தன் திண்டை அவருக்குத் தள்ளிவிட்டு, தான் வெறும் பாயில் உட்கார்ந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். அவர் முதுகு கீழே சரிந்துவிடாமல் அண்ணியின் வலது கை தாங்கிக்கொண்டது.

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிக்குணி மணியை அடித்துவிட்டார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை, அண்ணியும் மூடவில்லை. அவர் அண்ணனின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது முணுமுணுப்பு; எங்களுக்குக் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஒண்ணு."

அண்ணனின் மூச்சு தடுமாறி வெளியே வந்தது.

"ரெண்டு."

டாக்டரம்மா பழக்க தோஷத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டார். நானும்தான்.

"மூணு."

கை அண்ணனின் முதுகிலேயே இருந்தது.

"நாலு."

அண்ணன் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "என்னடி எண்ணுற?"

"பேசாம மூச்சு விடுங்க. அஞ்சு."