வீட்டு வாசலுக்கு வந்த வாளி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதம் நடந்தது இது. பென்னாகரம் பக்கத்தில் எங்கள் காட்டில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு ஷெட்டுக்கு என் மனைவிதான் முதலாளி. அதன் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எப்போதும் இருக்கும். கை கால் கழுவி, செருப்பு மாற்றாமல் யாரும் உள்ளே போக முடியாது. தாலி கட்டியவன் என்ற சலுகையெல்லாம் எனக்கும் கிடையாது. வெளியிலிருந்து ஒரு நோய் உள்ளே வந்தால் மொத்தப் புழுவும் போய்விடும் என்பாள்.

அந்த வருடம் அவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை கீமோ என்றார்கள். பயந்துபோய் உட்கார்ந்திருந்த எங்களுக்கு நர்ஸ் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். வேகமாகப் பெருகும் செல்லை அழிப்பதுதான் இந்த மருந்தின் வேலை. புற்றுநோய் செல் அப்படிப் பெருகுவதுதான். ஆனால் முடியின் வேரும், வாய்க்குள் இருக்கும் தோலும், எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமும்கூட அப்படித்தான். அது வேறு, இது வேறு என்று மருந்துக்குத் தெரியாது. அதனால் முடி கொட்டும், வாய் புண்ணாகும், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும்.

"பத்து நாள் வாக்குல அது ரொம்பக் கொறைஞ்சிருக்கும். காய்ச்சல் நூறைத் தாண்டுச்சுன்னா மாத்திரை போட்டுப் படுக்க வெக்காதீங்க, நேரா இங்க வந்துடுங்க" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் பத்து வருடத்துக்குச் சண்டை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டிலிலேயே உட்கார்ந்து பேசினார்கள். வாய்ப்புண்ணும் வாந்தியுமாகக் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தவளைச் சுற்றி நான் பாய் விரித்துக் காபி கொடுத்தேன். இத்தனை பேர் வந்தார்களே என்று பெருமை வேறு.

பத்தாம் நாள் மதியம் அவளுக்கு உடம்பு சுட்டது. காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, புழுவுக்கு இலை போடக் கிளம்பினேன். நர்ஸ் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. சாயங்காலம் வரை பார்ப்போமே என்ற அசட்டை, இலை போடாவிட்டால் புழு வாடுமே என்ற கவலை.

அவள் மாத்திரையை விழுங்கவில்லை. தெர்மாமீட்டரை என்னிடம் நீட்டினாள். நூற்றி ஒன்று காட்டியது.

"ஏங்க, ஷெட்டுல நாலு புழு சொணங்கிக் கெடந்தா, சாயந்தரமா பாத்துக்கலாம்னு வுடுவீங்களா?" என்று கேட்டாள். குரலே எழும்பவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

கார் பிடித்தோம். தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றதில் வண்டிகள் நகரவில்லை. பக்கத்தில் அவள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கும்பிடாத சாமி இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் பெயருக்குத்தான் இருந்தன. உடனே மருந்து ஏற்றினார்கள். "நாளைக்கி வந்திருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர். ஐந்து நாள் அங்கேயே இருந்தோம்.

வீடு திரும்பிய அன்றே என்னிடம் ஒரு வேலை சொன்னாள். ஷெட் வாசலில் இருப்பது போலவே வீட்டு வாசலிலும் ஒரு வாளி, ஒரு சோப்பு வைக்க வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலோடு சரி. மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்து, எட்ட உட்கார்ந்து பேச வேண்டும்.

முதலில் மாட்டியது என் பெரியக்கா. எங்கள் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் இருமிக்கொண்டே படியேற, நான் நைசாக உள்ளே நழுவினேன். என் மனைவி, முடி முழுவதும் கொட்டிய தலையை மறைக்கக்கூடச் செய்யாமல் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. எம் பூச்சிக்கு இருக்கற சட்டந்தான் எனக்கும். இருமல் நின்னதும் வாங்க, நாள் பூரா பேசலாம்."

அக்கா விறுவிறுவென்று படியிறங்கித் திரும்பிப் போனார். போச்சு, உறவு முறிந்தது என்றே நினைத்தேன். எட்டாம் நாள் வாசலில் தண்ணீர் சத்தம். எட்டிப் பார்த்தால் அக்கா. "முழங்கை வரைக்கும் கழுவிட்டேன் கண்ணு, உள்ள வரலாமா?" என்று கேட்டார். அன்று என் மனைவியை நினைத்து எனக்கு வந்த கர்வத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மீதி ஐந்து கீமோவும் ஒருநாள்கூடத் தள்ளிப்போகவில்லை. வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று நர்ஸ் விசாரித்தபோது புழு ஷெட் கதையைச் சொன்னாள். அடுத்த முறை போனபோது, புதிதாக வந்திருந்த ஒரு குடும்பத்திடம், வாசலில் ஒரு வாளி வையுங்கள் என்று அந்த நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்கு முடி சுருள் சுருளாக வளர்ந்திருக்கிறது. ஷெட்டில் பழையபடி என்னை விரட்டுகிறாள். வீட்டு வாசல் வாளியை மட்டும் நான் எடுக்கவில்லை. அதில் கை கழுவும் ஒவ்வொரு முறையும், புழுவுக்குக் காட்டிய அக்கறையை மனைவிக்குக் காட்டாமல் விடப் பார்த்த அந்த மதியம் உறுத்துகிறது, தன் உயிரைத் தானே காத்துக்கொண்டவள் என் மனைவி என்று நெஞ்சு நிமிரவும் செய்கிறது.