தாளாளர் பாட்டும் ஒளித்து வைத்த ஃபிளாட்களும்

சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராக இருக்கிறேன். எங்கள் தாளாளருக்குப் பட்டாசு கம்பெனி. தீபாவளி ஆர்டர்களை எல்லாம் அனுப்பி முடித்த ஓய்வில், பள்ளிக்கென்று ஒரு பாட்டுக்கு அவரே மெட்டுப் போட்டார். அதைக் காருக்குள் உட்கார்ந்து பாடி, செல்போனில் எனக்கு அனுப்பினார். ஏசி சத்தமும் சுருதி சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

முதல் இரண்டு வரிகளில் வம்பில்லை. மூன்றாவது வரியில் ஒரே சுரம் ஓரிடத்தில் ஈ, அடுத்த இடத்தில் அதற்கு அரைப்படி கீழே ஈ ஃபிளாட். எது வேண்டும் என்று கேட்டேன்.

"ரெண்டுந்தாம்மா. ஃபீலிங்ல வருது. பாடுனபடியே எழுதீருங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூர் வீட்டில் உட்கார்ந்து கீபோர்டில் வாசிக்க, சாஃப்ட்வேர் தானாக எழுதிக்கொண்டது. அதற்கும் ஃபீலிங் உண்டுபோல. ஈ ஃபிளாட் வந்த இடத்தில் எல்லாம் டி ஷார்ப் என்று போட்டு வைத்தது. கீபோர்டில் இரண்டும் ஒரே கட்டைதான். தாளில் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு வேறு. ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரு ஃபிளாட் போட்டால் அந்த பார், அதாவது அந்தத் தாளக்கட்டம், முடியும் வரை செல்லும். தாளாளரின் உணர்ச்சி அதற்குள் மேலே ஏறிவிடுவதால், நடுவில் நேச்சுரல் குறி போட்டு அதை ரத்து செய்தேன். அடுத்த பாரில் பிள்ளைகள் குழம்பக்கூடாது என்று ஒரு நினைவூட்டல் நேச்சுரலை அடைப்புக்குறிக்குள் வைத்தேன். வெண்டைக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த என் அண்ணன் திரையை எட்டிப் பார்த்து, "கணக்குப் பாடமா?" என்றான்.

திங்கட்கிழமை தாளாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை ஆராய்ந்து, ஒரு ஃபிளாட் குறியில் விரலை வைத்தார்.

"இது என்ன சின்ன பி? இங்கன பாருங்க, கால் ஒடைஞ்ச நாற்காலி மாதிரி ஒண்ணு. இதையே அடைப்புக்குறிக்குள்ள வேற போட்டிருக்கீக?"

"அது ஞாபகப்படுத்துறதுக்கு சார்."

"நம்ம பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி இல்லைன்னு அச்சடிச்சுக் குடுக்கச் சொல்றீகளா? எம்புட்டு அசிங்கமா இருக்கு! எல்லாத்தையும் எடுத்துருங்க."

குறியை அழித்தால் சுரமே மாறிவிடும் என்றேன். அசையவில்லை. சாஃப்ட்வேரில் குறியை அழிக்காமல் ஒளித்து வைக்கவும் வழி உண்டு. தாளில் தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் சரியாக வாசிக்கும். வேறு வழியின்றி ஒளித்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பாடவிட்டுக் கேட்டார்.

"பாத்தீகளா? அந்த நாற்காலி இல்லாமலே எம்புட்டு அழகா வாசிக்குது!"

அந்த ஒலிப்பதிவைக் கேட்டு வயலின் பிள்ளைகள் பழகினார்கள். வாயால் ஊதிக் கட்டையை அழுத்தும் மெலோடிகா பிள்ளைகளுக்குத் தாள் வேண்டும். அது அவருடைய மச்சினர் அச்சகத்தில் காலண்டர் லோடுகளுக்கு நடுவே சிக்கி, ஆண்டு விழா அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. வழவழப்பான ஆர்ட் பேப்பர், பின்னணியில் ஊதா நிறத்தில் ராக்கெட் வெடிக்கிறது. அந்தப் புகைக்குள் ஐந்து கோடுகளைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு விருதே கொடுக்கலாம்.

மேடையில் மூன்றாவது வரி வந்தது. கேட்டுப் பழகிய வயலின்கள் ஈ ஃபிளாட்டில் இறங்கின. தாளை நம்பிய மெலோடிகாக்கள் ஈயிலேயே நின்றன. ஒன்றையொன்று ஒட்டிய அந்த இரண்டு சுரங்களும் சேர்ந்து பல்லைக் கூசவைத்தன. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் கடைசி வரை வாசித்தார்கள்.

முன்வரிசையில் தாளாளர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் பக்கம் சாய்ந்து, "ஹார்மனி" என்றார். விருந்தினரும் பலமாகக் கைதட்டினார். கூட்டமே தட்டியது. நானும் தட்டினேன், வேலையில் இருப்பவள்தானே.

மறுநாளே கோப்பைத் திறந்து ஒளித்த குறிகளை எல்லாம் வெளியே கொண்டுவந்தேன். பிள்ளைகளைக் கூட்டி, தப்பு அவர்கள் வாசிப்பில் இல்லை, தாளில்தான் என்று சொல்லி, கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துக் கொடுத்தேன். அந்த வாரமே இரு பக்கமும் ஒரே சுரத்தில் சேர்ந்துவிட்டன.

பயிற்சியைக் கேட்க வந்த தாளாளருக்கு முகம் வாடிவிட்டது.

"என்னம்மா, மொட்டையா இருக்கு? அன்னைக்கு இருந்த ஹார்மனி எங்க? மத்த வரிக்கும் சேத்துப் போட்டுருங்க."

இப்போது அவருடைய பாட்டோடு ஒத்து ஒலிக்கும் இரண்டாம் குரலை, நிஜமான ஹார்மனியை, எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் பாடி அனுப்பாத பகுதி என்பதால் வேலை சுலபமாக இருக்கிறது.