மாரியில் கேட்ட மிசின் சத்தம்

யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடையால், பெற்றோலை மருந்துப் போத்தலில் ஊற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிய தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் எனக்கு மோட்டார் சைக்கிள் ஆசை பிடித்தது. புத்தியுள்ளவர்கள் இருந்ததையும் மூலையில் விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு மாறிய காலம். நானோ நல்ல சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, ஊரைவிட்டுப் போன ஒருவரின் ஆட்டுக்கொட்டிலில் கிடந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கல்லும் முள்ளுமான வழியில் ஓடவென்று செய்த சின்ன வண்டி. உயரத்தில் மட்காட், பல்லுப் பல்லாக டயர். பின் டயரில் பாதிப் பல் கொட்டியிருந்தது. சீற்றின் பஞ்சை ஆடு தின்றிருந்தது.

"இதிலை ஆர் போறது, ஆடோ?" என்று மனைவி கேட்டாள்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். சுன்னாகத்துக்குப் பக்கத்திலிருந்து தினமும் சைக்கிள் உழக்கிப் போய்வருவேன். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் எதிர்க்காற்றில் இடுப்பும் நாரியும் விட்டுப்போகும். தை பிறக்க முன்னம் இந்த வண்டியில் கந்தோருக்குப் போய்க் காட்டுகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

கழற்றுவதில் நான் சூரன். ஒரே கிழமையில் கொட்டில் முழுக்க வண்டியைப் பரப்பிவிட்டேன். பூட்டும்போதுதான் எப்போதும் நாலு ஆணி மிஞ்சும். தேவையில்லாததுதான் மிஞ்சும் என்று அவற்றை ஒரு பால்மா ரின்னில் போட்டு வைத்தேன். ரின் நிரம்பியது.

"உதுக்குச் செலவழிச்ச நேரத்துக்கு நடந்தே கண்டிக்குப் போட்டு வந்திருக்கலாம்" என்றாள் மனைவி. ஸ்பனரை எறிந்தேன். அது மழைத் தண்ணீருக்குள் விழுந்து, பிறகு நானே குனிந்து தேட வேண்டி வந்தது.

கார்த்திகை முடிவில் எல்லாம் பூட்டியாயிற்று, காபரேற்றர் மட்டும் உதவவில்லை. எண்ணெயையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற அந்தச் சின்னச் சாமான் இரண்டாக வெடித்திருந்தது. சுன்னாகத்தில் ஒரு கடையிலும் வேறு இல்லை. அப்போதுதான் இந்த மேதைக்கு ஒரு யோசனை வந்தது.

அடுத்த வளவு என் அண்ணையுடையது. அவருடைய தோட்டக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மிசின் சாக்கால் மூடிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற மிசின். அதன் காபரேற்றரும் மண்ணெண்ணெய்க்கென்றே பழகியது. தையில் அண்ணை வெங்காயம் நடுவார். அவர் வீட்டின் வருடச் சோறு அதுதான். எங்கள் வீட்டுக்கும் அதில் பங்கு வரும். ஆனால் மாரியில் யார் தண்ணீர் இறைக்கிறார்கள்? நடுகைக்கு முன் திருப்பிப் பூட்டிவிடலாம். கேட்டிருந்தால் தந்திருப்பார். கேட்க ரோசம் விடவில்லை. அண்ணை கோயிலுக்குப் போன நேரம் கழற்றிக்கொண்டு வந்தேன்.

வாய் பொருந்தவில்லை. அரத்தை எடுத்து அராவினேன். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு பொருந்தியது.

மார்கழியில் ஒரு விடியற்காலை தாங்கியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பிடிக்க வைக்க மட்டும் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்தேன். பத்தாவது உதையில் பிடித்தது. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கியது, பாதி புகையால். தண்ணீர் மிசினுக்கு ஒரே வேகம்தான் தெரியும். அது என் வண்டிக்கும் தொற்றிவிட்டது. நின்றால் நிற்கும், ஓடினால் அந்த ஒரே வேகம், வளைவிலும் அதே வேகம். சத்தமும் அச்சொட்டாக அதே சத்தம். கொட்டுகிற மழைக்குள் குறுகிய ஒழுங்கையால் போனபோது வேலிக்கு மேலால் அயலவர் ஒருவரின் தலை எட்டிப் பார்த்தது.

"இந்த மழைக்கை ஆரடா தண்ணி இறைக்கிறது?"

நான் ராசா மாதிரிக் கையசைத்துவிட்டுப் போனேன்.

தை பிறந்தது. அண்ணை வெங்காயம் நட்டார். தோட்டத்தின் கிழக்குப் பாதியில் மட்டும் நட்டுவிட்டு, மேற்குப் பாதியை வெறுமனே விட்டிருந்தார். கந்தோருக்கு மோட்டார் சைக்கிளில் போகிற பெரிய மனிதன் அல்லவா, நான் புத்தி சொல்லப் போனேன்.

"என்னண்ணை, நல்ல தறையைச் சும்மா விட்டிருக்கிறியள்? சோம்பல் பிடிச்சிட்டுதோ?"

"இந்தமுறைக்கு இவ்வளவும் காணும்" என்றார் அண்ணை.

நடுகைக்கு முன் திருப்பிப் பூட்ட மறந்தது அப்போதுதான் உறைத்தது. அன்று பின்னேரமே காபரேற்றரைக் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அராவின வாய் மிசினில் இருக்க மறுத்தது. சவர்க்காரம் பூசினேன், துணி சுற்றினேன், எஞ்சினோடு வாய்க்கு வந்தபடி பேசினேன். மிசின் காற்றை உறிஞ்சி இருமியதே தவிர ஓடவில்லை. நட்ட வெங்காயத்துக்கு அடுத்த நாள் தண்ணீர் இறைக்க வேண்டும்.

விடிய எழும்பி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று போனேன். அண்ணை மிசின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருடக் கணக்காகக் கைவிட்டிருந்த துலாவில் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். துலா என்றால் கிணற்றின் மேல் கிடக்கிற நீள மரம். ஒருவர் அதில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் கீழே நின்று வாளியைப் பிடித்து ஊற்ற வேண்டும்.

"அண்ணை, மிசின்ரை காபரேற்றர்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். மார்கழியிலை நீ ஒழுங்கையாலை போகேக்கையே என்ரை மிசின்ரை சத்தம் எனக்குத் தெரியாதே? வந்து சாக்கைத் தூக்கிப் பாத்தனான்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் கழட்டித் தந்திருப்பாய். பிறகு மாரி முழுக்க உன்ரை தொங்கின மூஞ்சையை ஆர் பாக்கிறது? துலாவாலை இறைக்கக்கூடிய அளவுக்கு நட்டிருக்கிறன். அவ்வளவுதான்."

காது சுட்டது. சோம்பல் பிடித்துவிட்டதோ என்று கேட்ட என் வாயில் நானே அடித்திருக்கலாம். அவர் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வாளியைக் கட்டினார்.

"ஏறு. விழுந்திடாதை. உதுக்கும் ஒரு வேகம்தான்."

ஏறினேன். மேற்குப் பாதியின் வெறும் செம்மண் அங்கிருந்து முழுதாகத் தெரிந்தது.