விறைத்த சால்வை

அந்த ஆறு மாடிக் கட்டடம் முழுவதற்கும் சூடு அனுப்புகிறவர் அவர். அடித்தளத்தில் பாய்லர், அதை ஒட்டிய ஒற்றை அறைதான் அவருடைய வீடு. ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதும் அங்கே சட்டை போட்டு உட்கார முடியாது. குடியிருப்பவர்கள் அவரையே பாய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷர் அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

அவர் மனைவிக்குக் குளிர் என்றால் உயிர். வருஷா வருஷம் முதல் குளிர் இறங்கியதும், வேலையைப் போட்டது போட்டபடி தெருவுக்கு ஏறிப்போய், மூக்கு சிவக்கும்வரை நின்றுவிட்டு வருவாள். போன கோடையில் அவளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி, வளைந்து இறங்கும் இரும்புப் படியில் கொண்டுவந்தார்கள். பாதியில் ஒருவன் கால் வழுக்கி, அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இனி அந்தப் படிப்பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

இந்த வருஷம் குளிரோ வருவேனா என்று அடம்பிடித்தது. வரவேண்டிய மாதங்கள் மழையும் புழுக்கமுமாகவே கழிந்தன. கடைசியில் ஒரு காலை, தெருவுக்குப் போய்த் திரும்பியவர் கைகளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"வந்திருச்சா?"

"வந்திருச்சும்மா. வாயத் தொறந்தா பொகையா வருது."

"எனக்கும் கொஞ்சம் வேணுங்க."

மிட்டாய் கேட்பதுபோல் கேட்டாள். எங்கே போவார்? அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் கூரையோரம், நடைபாதை மட்டத்தில். தெருத் தூசி விழுகிறது என்று அவள் முணுமுணுத்ததற்காகத் தன் கையாலேயே செங்கல் வைத்துப் பூசியவர் அவர். கெட்டிக்காரர், அதோடு விட்டாரா? அந்தப் பூச்சின் மேலேயே மாடிகளுக்குப் போகும் வெந்நீர்க் குழாயையும் ஓட்டிவைத்தார். இப்போது அதில் கை வைத்தால் கட்டடமே குளிரில் நடுங்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். "இது பெட்டிக் குளிரு, வாசனையே இல்ல" என்று தள்ளிவிட்டாள். வெளியே நின்று விரல் மரத்ததும் ஓடிவந்து அவள் கன்னத்தில் கை வைத்தார். பாய்லரைத் தாண்டித்தானே வரவேண்டும்!

"எப்பவும்போலத்தான் இருக்கு உங்க கை" என்று பாதி வாயால் சிரித்தாள்.

மறுநாள் விடியற்காலை, வெளிக் கம்பியில் துவைத்துப் போட்டு மறந்திருந்த அவளுடைய சால்வை பலகையாக விறைத்திருந்தது. அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அந்த வயதில் கீழே ஓடினார். அவள் நல்ல கையால் வாங்கி முகத்தை அதில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"தெரு வாசனை வருதுங்க."

மாடியிலிருந்து மணி அடித்தது. மூன்றாம் மாடி அம்மாவின் குரல் படிவழியே இறங்கியது. "பாய்லரு! பல்லு தந்தியடிக்குது, கொஞ்சம் கூட்டி வைங்க!"

அவர் அசையவில்லை. மணி மறுபடி அடித்தது.

"போங்க. மேல கொழந்தைங்க இருக்கு" என்றாள் அவள், முகத்தை எடுக்காமல்.

போனார். வால்வைத் திருகினார். கட்டிலுக்கு மேல் குழாய் படபடவென்று தட்டிக்கொண்டு சூடேறியது.

திரும்பி வந்தபோது சால்வை துவண்டு, அவள் கழுத்து வரை நனைந்திருந்தாள்.

"மறுபடி வெளிய போட்டு வைங்க. நாளைக்கும் குளிரு இருக்கும்ல?"

சூட்டைக் கேட்டிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்.

"தெரியலம்மா" என்றார், சால்வையைப் பிழிந்துகொண்டே.