எரிநட்சத்திரத்துக்கு ஒரு குடம்

மழையில் ஊறிய தென்னங்கீற்றின் புளித்த வாடை இன்றும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் எங்கள் குடிசைக் கூரையைப் புயல் பிய்த்துக்கொண்டு போய்விட, புதுக் கீற்று வாங்கப் பூந்தமல்லிக்குப் போன அப்பா இன்னும் வந்துசேராத அந்த ராத்திரி, நிறைமாத அம்மா நான்கு மண்சுவருக்கு நடுவே திறந்த வானத்தின் கீழ் படுத்திருந்தாள். கழுவிவிட்டது போலிருந்த வானத்தில் எரிநட்சத்திரங்கள் விழத் தொடங்கின.

எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் துணைக்கு வந்திருந்த அத்தைக்குப் பயம். பிள்ளைத்தாய்ச்சி கண்ணில் எரிநட்சத்திரம் படவே கூடாது என்பாள். அம்மாவின் முகத்தைப் புடவையால் மூடிவிட்டு, என்னைப் பக்கத்தில் படுக்கவைத்தாள். விழுவது ஒவ்வொன்றுக்கும், விடிந்ததும் வேப்பமரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுதான் "கழிப்பு".

"பாத்துகினே இரு. ஒண்ண வுட்டாலும் கொயந்தைக்கு ஆவாது. தூங்குன, தோல உரிச்சிடுவேன்."

"பச்சப் புள்ளய இன்னாத்துக்குப் பயமுறுத்துற?" என்றாள் அம்மா துணிக்குள்ளிருந்து.

"நீ மூஞ்ச மூடிகினு கெட!"

எனக்குச் சரியாக எண்ண வராது; சொல்ல வெட்கம். மடியில் புளியங்கொட்டையைக் கட்டிக்கொண்டு, ஒன்று விழுந்தால் ஒரு கொட்டையைச் சொம்பில் போட்டேன். குனிந்தால் அதற்குள் இன்னொன்று ஓடிவிடும் என்பதால் கை மட்டும் தடவிப் போட்டது. அத்தை விளக்கோடு வந்தபோதெல்லாம், ஓர் உலை கொதிக்கும் நேரத்துக்குச் சின்னவை கண்ணுக்குத் தெரியாமல் போயின. "வெளக்கு வேணாம் அத்தே" என்று கெஞ்சினேன். ஓரிடத்தையே முறைக்காமல் வானத்தை அகலமாகப் பார்க்க வேண்டும் என்பதும் பயத்தில் தானாகவே பிடிபட்டது.

திடீரென்று சுவரெல்லாம் பச்சையாகும்படி பெரிதாய் ஒன்று எரிந்து போயிற்று. அதே நொடியில் அம்மா "அய்யோ" என்று என் கையை இறுக்கினாள். வலியா, பார்த்துவிட்டாளா? அத்தை என்னை வெளியே தள்ளினாள். சுவரோரம் சொம்பை அணைத்துக்கொண்டு, நிறுத்தினால் குழந்தை போய்விடும் என்று கொட்டை போட்டுக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அழுகுரல் கேட்டது. தம்பி.

விடிந்ததும் கொட்டைக் கணக்குக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தேன். அம்மா கையசைத்துக் கூப்பிட்டாள்.

"ரெண்டு கொடம் கொறையுதுடி. அத்தக்கித் தெரியாம ஊத்திட்டு வா."

நைந்த புடவை வழியாக நட்சத்திரத்தையும் பார்த்திருக்கிறாள், சொம்பில் கொட்டை விழும் சத்தத்தையும் கேட்டிருக்கிறாள். ஓடிப்போய் ஊற்றினேன். வெகுகாலம், தம்பி இருமினால்கூட வேப்பமரத்துக்கு இன்னொரு குடம் ஊற்றிவிட்டு வருவேன்.

போன மார்கழியில், மாங்காட்டில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டின் கீழ்வீட்டுப் பெண், இன்றைக்கு எரிநட்சத்திரம் நிறைய விழுமாம், எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். போனை அணைத்து வை, மல்லாந்து படு, எண்ணுவதற்குப் புளியங்கொட்டையைக் கைக்குள் வைத்துக்கொள் என்றேன். மொட்டைமாடியில் தம்பியும் வந்து படுத்தான். ஏரிப்பக்கத்துக் கிடங்குகளின் விளக்கில் வானமே வெளுத்துக் கிடந்தது. என் சொம்பில் விழுந்தது ஒரே கொட்டை.

காலையில், வேப்பமரம் ஏது, கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒரு சொம்பு ஊற்றினேன். பின்னால் தம்பி குரல் கேட்டது.

"இன்னொரு சொம்பு ஊத்துக்கா. நீ கண்ணசந்தப்போ ஒண்ணு வுழுந்துச்சி."